நூற்று நாற்பது ரூபாய்

பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
பன்னிரண்டு வருடமாக எனக்குச் செக்கிங் டேபிள்.
இன்ச்சுக்கு ஒன்பது தையல்.
எட்டு வந்தால் சாக்பீஸால் ஒரு சுழி,
வந்த வழியே திரும்பிப் போகும்.
தைத்தது யார் என்று பார்ப்பதில்லை.

சங்கத்துக்கு மாதம் முப்பது ரூபாய்.
மஞ்சள் ரசீது, அடியில் கார்பன்.
தணிகாசலம் பதினாறு வருடமாகச் செயலாளர்.
பொதுக்குழு என்றால் கல்யாண மண்டபம்,
சீரகச் சம்பா, கத்தரிக்காய்.
"கணக்கு..." என்று யாராவது இழுத்தால்
"ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்பார்.
எலும்பும் கையுமாக அப்படியே தூக்குவோம்.
நோட்டில் ஏறும்: ஏகமனதாக நிறைவேறியது.
நாளெல்லாம் ஷூவுக்கு நாக்கு வைத்துத் தைக்கிறவர்கள் நாங்கள்.

வெறும் திருடன் என்றும் அவரை எழுதிவிட முடியாது.
தொண்ணூற்றெட்டில், கேட்டுக்கு முன்னால்
லத்தி பிளந்த புருவம் அது.
பெண்கள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் வந்தது
அவர் போட்ட சத்தத்தில்.
அந்தத் தாழ்ப்பாளை நினைத்தே
எத்தனையோ தடவை வாயையும் போட்டுக்கொண்டோம்.

பக்கத்துத் தோல் ஷாப்பில்
கழிவுக் குழிக்குள் இறங்கிய எல்லப்பன்
ஏறவில்லை.
ஆளுக்கு நூறு, நானூறு பேர்.
அவன் மனைவி ஞானசுந்தரி எங்கள் லைனில் பசை பூசுகிறவள்.
ஆறு மாதம் கழித்து ஒரு டீ பிரேக்கில்
"சங்கத்துல பதினஞ்சாயிரம் குடுத்தாங்கக்கா,
நல்லா இருக்கட்டும்" என்றாள்.
டம்ளரைக் கீழே வைத்தேன்.
எட்டுத் தையல்.

"ஊட்ல கீற ரசீதெல்லாம் எட்தாங்கமே"
என்று பஸ் பஸ்ஸாக ஏறிச் சொன்னவள் தில்ஷாத்.
அரிசி டப்பாவிலிருந்து, ரேஷன் கார்டு உறையிலிருந்து,
மகனுடைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து
மஞ்சள் மஞ்சளாக வந்தது.
மேல்பட்டி பஸ் குலுங்கக் குலுங்க
மடியில் வைத்துக் கூட்டினோம்.
பள்ளம் வந்தபோதெல்லாம் தப்பாகி
முதலிலிருந்து.

"சங்கத்த ஒடைக்கிறியா?
மொதலாளிக்குத்தான் கொண்டாட்டம்" என்றார் தணிகாசலம்.
அந்த வாரம் ஹெச்.ஆர். என்னைப் பார்த்துச் சிரித்தது உண்மை.
ஒருநாளும் சிரிக்காத ஆள்.
அந்தச் சிரிப்பை நான் கேட்டு வாங்கவில்லை,
ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.
காலையில் எழுதிக் கொடுத்தேன்:
கை தூக்குவது வேண்டாம், சீட்டு வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
பதினேழு கைநாட்டு.

நாற்பத்திரண்டாம் சைஸ் ஷூ பெட்டி,
மூடியில் பிளேடால் ஒரு கீறல்.
முந்நூற்று எழுபத்தொன்பது சீட்டு.
எனக்கு இருநூற்றொன்று, அவருக்கு நூற்றெழுபது.
எட்டு செல்லாது;
அதில் ஒன்றில் பிரியாணி எங்கே என்று எழுதியிருந்தது.
நூற்றெழுபதும் பயம் இல்லை.
தாழ்ப்பாளும் அதில் இருந்தது.

இருபத்தைந்தாயிரத்தை வட்டிக்கு விட்டிருந்தாராம்.
ஞானசுந்தரி பேருக்கு
மாதம் இரண்டாயிரம் கட்டுகிறார்.
ரசீது கிழிப்பது நான்.
இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை.

முதல் மாதக் கணக்கை
ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வாசித்தேன்.
சந்தா வரவு, நோட்டுப் புத்தகம், ஜெராக்ஸ்...
வேலூர் லேபர் ஆபீஸ் போன நாளில் வந்து நின்றேன்.
ஆட்டோ, நூற்று நாற்பது. ரசீது இல்லை.
முந்தின ராத்திரி
என் பர்ஸிலிருந்து எடுத்து வைத்துச் சரிக்கட்டப் பார்த்தேன்.
யாருக்கும் தெரிந்திருக்காது.
இதே கை, அடுத்த மாதம்
வேறு எதைச் சரிக்கட்டும் என்றும் தெரியவில்லை.
வாசித்தேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஞானசுந்தரி,
விரலில் காய்ந்த பசையை உரித்தபடி,
"பஸ்ஸுல போயிருக்கலாம் இல்லக்கா?"

சிரித்தார்கள். காது எரிந்தது.
மேல்பட்டி பஸ் ஹாரன் அடித்தது,
யாரும் ஏறவில்லை.
நோட்டைத் திருப்பி எழுதினேன்:
ஞானசுந்தரி கேட்டார்.
செயலாளரிடம் பதில் இல்லை.