ரெம்ருவாட்டாவுக்குப் பெண் பிறந்த வாரம்

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிவதற்குள்
ரெம்ருவாட்டா பெட்டியைக் கட்டிவிட்டான்.
ஐஸ்வாலில் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது,
மூன்று வாரம் முன்னதாக.
மேலாளர் போனில் விமானச்சீட்டு போட்டபடியே
நிமிராமல் சொன்னார்:
"சனிக்கிழமை நீதான், தணிகா."

மூன்று சீசனாகக் காத்திருந்த வாக்கியம்.
அது எங்கோ ஒருத்தியின் இடுப்புவலியிலிருந்து வரும் என்று
நான் நினைத்திருக்கவில்லை.

ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.
எல்லாம் நல்லபடியாக ஆகும் ரெமா என்றேன், மனசார.
அதே மனசு அதே நேரம்
இன்னொரு கணக்கும் போட்டது:
முன்னால் வரும் பிள்ளை,
ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்தாலும் வைப்பார்கள்.
பத்து நாளில் இரண்டு ஆட்டம்.
கௌதமபுரத்து வீட்டில் என் மனைவியிடம்கூட
இதை நான் சொன்னதில்லை.

எங்கள் தொழிலில்
கல்யாணங்கள் ஜூனில் முடிந்துவிட வேண்டும்.
ஜூலை பாதியில் ஆடி, ஐயர் பஞ்சாங்கத்தை மூடிவிடுவார்.
ஆவணி பிறப்பதற்குள் முகாம் திறந்துவிடும்.
என்னுடையது ஆனியில் கடைசி முகூர்த்தம்.
அல்சூர் மண்டபத்தில் பந்திக்குள் மழைத்தண்ணீர் வந்து
இலையெல்லாம் நனைந்தது.

தம்பி அப்படி அடங்கவில்லை.
பெண்வீட்டார் தையில்தான் என்றார்கள், கே.ஜி.எஃப்.பில்.
நூறு கிலோமீட்டர்.
விடுப்புக் கேட்கப் பயிற்சியாளர் கதவுவரை போனேன்.
ஆடுகிறவன் கேட்டால் அது பேப்பரில் வரும்,
குடும்பஸ்தன் என்று புகழ்வார்கள்.
பெஞ்சில் உட்காருகிறவன் கேட்டால்
அப்படியானால் உனக்கு இங்கே என்ன வேலை என்று
யாருக்காவது தோன்றிவிடும்.
தட்டாமல் திரும்பினேன்.

தம்பி தாலி கட்டிய நேரம்
நான் ஓட்டல் அறையில்
எதிரணிக்காரன் பெனால்டி அடிக்கும் காணொளியை
நாலாவது முறை பார்த்துக்கொண்டிருந்தேன்.
அன்று பெனால்டி வரவில்லை.
வந்திருந்தாலும் நிற்கப்போவது ரெமா.
தோழனாக நான் நிற்க வேண்டிய இடத்தில்
பெரியப்பா மகன் தேவராசு நின்றான்,
எனக்கு அளவெடுத்துத் தைத்த பட்டுச்சட்டையில்.
கை நீளம். போட்டோவில் அவன் விரல் தெரியாது.

சனிக்கிழமை.
பதினொன்றாவது நிமிடம் ஒன்று நுழைந்துவிட்டது,
என் கால்களுக்கு நடுவில்.
அப்புறம் வந்ததையெல்லாம் பிடித்தேன் என்று சொல்ல ஆசை.
ஒன்றைப் பிடித்தது கம்பம்.
அதைத் தட்டிக்கொடுத்தேன், மாட்டைத் தட்டுவதுபோல.
ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.
எங்கள் தெருப் பையன்கள் மேல்வரிசையிலிருந்து
என் முழுப்பெயரைக் கத்தினார்கள்,
ஆறு எழுத்தும் குறையாமல்.

உடைமாற்றும் அறையில் வீடியோ கால்.
ரெமா தூங்கி நாலு நாள் இருக்கும்.
"அந்த முதல் கோல்..." என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டு போனைத் திருப்பினான்.
துணிச்சுருளுக்குள்ளிருந்து ஒரு கை,
ஐந்து விரலும் விரிந்து
எதையோ தடுக்கிற மாதிரி.
இருபது பேர் சேர்ந்து கத்தினோம். அவள் அழுதாள்.

வியாழக்கிழமை அவன் வந்துவிட்டான்.
கையுறைகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.
பிறகு மேலாளரிடம் போய்ப் படிவம் கேட்டேன்.
தம்பி மகனுக்குப் பங்குனியில் மொட்டை, காதுகுத்து.
மடி தாய்மாமனுடையது.
பெரியப்பனுக்கு அங்கேயும் பெஞ்சுதான்.
இருந்தாலும் போகிறேன்.

"தங்களுக்குப் பதில் பணி செய்பவர்" என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
பதிலாளுக்கு ஏது பதிலாள்?
மூலையில் சுஹைல் தண்ணீர் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
பத்தொன்பது வயது. ஒரு நாளும் பட்டியலில் பெயர் வந்ததில்லை.
எழுதினேன்.

செய்தி தெரிந்து ஓடிவந்து கையைப் பிடித்தான்.
"விசேஷம் நல்லபடியா நடக்கட்டும்ணா."
மனசாரத்தான் சொன்னான்.
கையை விடாமல் கேட்டான்:
"காதுகுத்து ஒரு நாள்தானாண்ணா?"