மேட் பேப்பர், பன்னிரண்டுக்குப் பதினெட்டு

கடைக்குப் பெயர் வை என்றது திரை.
'தண்ணி இல்லாத ஆறு' என்று அடித்தேன்,
வேலூரைக் கேலி செய்ய வெளியூர்க்காரர் சொல்வதை
நாமே முந்திச் சொல்லிவிட்டால் வலிக்காது என்று.
தமிழ் எழுத்தை அது வாங்கிக்கொள்ளவில்லை.
என் பெயரை ஆங்கிலத்தில் போட்டேன்.
ஏற்கெனவே ஒரு சுகிர்தா எங்கோ
டீ சட்டை விற்றுக்கொண்டிருக்கிறாள்.
சுகிர்தா 14 ஆனேன்.
பதினான்கு, லாட்ஜில் நான் வரைந்த அறை.

இரவு ரிசப்ஷன். பத்து மணிக்கு மேல்
மேஜை என்னுடையது.
பான் கார்டு, வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி,
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிவப்பு நட்சத்திரம்.
நடுவில் மூன்றாம் மாடிக்காரர்கள் இறங்கி வந்து
வெந்நீர் கேட்டார்கள்.

ஃபோனில் எடுத்த படத்துக்கு
பிக்சல் போதாது என்று திருப்பி அனுப்பியது.
காகிதப்பட்டறைக்குப் போனேன், பேரில்தான் காகிதம்.
ஸ்கேன் பையன் என் படத்தை
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து
'எது மேல்பக்கம்க்கா?' என்றான்.

முதலில் யானை, தாமரை, கண்மூடிய புத்தர்.
விற்கும் என்று எல்லாரும் சொல்கிற மூன்று.
மாதிரிப் படத்தில் என் புத்தர்
சாம்பல் நிற சோபாவுக்கு மேல்,
என்னை வாசலோடு அனுப்பிவிடக்கூடிய ஒரு வீட்டில்
சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.
நாற்பது நாள்.
தங்கை வீட்டுக்காரர் மட்டும் ஒன்று வாங்கினார்,
வாங்கியதை ஞாயிறுதோறும் சொல்லிக் காட்டினார்.

பிறகு சும்மாதான்
பதினான்காம் அறை ஜன்னலை ஏற்றினேன்.
கம்பியில் செருகிய எக்ஸ்ரே,
விலா எலும்புகளுக்கு நடுவே மரமில்லாத மலை,
கீழே வாடகை ஸ்டவ்வில் குக்கர்.
குறிச்சொல் பதினைந்து கேட்டது.
ஜன்னல், மலை, எலும்பு.
அதற்கு மேல் வரவில்லை, சோறு என்று போட்டேன்.

விலை ஐநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
அச்சு, காகிதம், கூரியர் எல்லாம் போக
எனக்கு எழுபத்தொன்பது.
எங்கள் லாட்ஜில் ஸ்டவ்வுக்கு ஒரு நாள் வாடகை
எண்பது.

செவ்வாய் அதிகாலை,
காட்பாடியில் ஏதோ ரயில் வந்திறங்கி
ஆட்டோக்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பும் நேரம்
ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது.
ஒரு பிரதி.
மேட் பேப்பர், பன்னிரண்டுக்குப் பதினெட்டு.
ஊர் மால்டா.
பெயரைக் காட்டமாட்டார்களாம்.

பதிவேடு என் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது.
புரட்டக் கூடாது. புரட்டினேன்.
ஜனவரியிலிருந்து மால்டா நாற்பத்தொரு கையெழுத்து,
பதினான்கில் மட்டும் ஆறு.
மீன் வாசனைக்கு மன்னிப்புக் கேட்ட அம்மா.
பதினோரு நாளுக்கு எடுத்த அறையை
நாலாம் நாள் காலி செய்து
மிச்சக் காசு வாங்க மறந்தவர்.
மூடிவைத்தேன்.
வேலூருக்கே வராத ஒருவராகவும் இருக்கலாம்,
மலை பிடித்த யாரோ.

எனக்கும் ஒன்று வரவழைத்தேன், அடக்க விலைக்கு.
அட்டைக் குழாயில் சுருண்டு வந்தது,
விரித்தால் மறுபடி சுருண்டது.
நாலு மூலைக்கும் நாலு அறைச் சாவி வைத்தேன்.
நான் கொடுத்த நீலம் பச்சை தட்டியிருந்தது,
எக்ஸ்ரே முழுக்கக் கோட்டை அகழித் தண்ணீர்.
மால்டாவில் ஏதோ ஒரு சுவரில்
இந்தத் தப்பான பச்சை இப்போது மாட்டியிருக்கும்.
சொல்லலாம் என்றால் முகவரி இல்லை.

கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினேன்.
எழுபது சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
மூன்று பேர் வந்தபோது.
ஒரு சக்கரப் பெட்டி,
மார்போடு அணைத்த பழுப்பு உறை.
கோர் ஆச்சே?
ஆச்சே, என்றேன்.
இடது மேல் மூலையிலிருந்து
பதினான்கின் சாவியை எடுத்தேன்.
அந்தப் பக்கம் சுருண்டுகொண்டது.