எட்டு மடிப்பு

எங்கள் தீவில் இரகசிய வாக்கெடுப்பு
யாருக்கும் இரகசியமில்லை.
பள்ளியின் ஒற்றை வகுப்பறையில்
உலக வரைபடத்தைத் திரையாகத் தொங்கவிடுவோம்.
பின்னால் தும்மாஸ் நின்றால்
ஆப்பிரிக்காவுக்குக் கீழே
அவருடைய ரப்பர் பூட்ஸ் தெரியும்.

பென்சில் தாளைக் கிழித்திருந்தால் ஹெயின்.
மீன் எண்ணெய் மணந்தால் ஓலவுர்.
எட்டாக மடித்திருந்தால் மார்யுன்,
கடை ரசீதையும் அவள் அப்படித்தான் மடிப்பாள்.
எண்ணுகிறவள் நான்.
வாய் திறந்ததில்லை.
காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

முதல் வருடம் நாற்பத்தொன்று எண்ணினேன்.
அப்புறம் இருபத்தாறு.
சுன்னிவா பிள்ளைகளோடு படகேறிய வருடம்
பதினொன்று.
அன்று மூடுபனி, ஹெலிகாப்டர் வரவில்லை.
தோர்ஷாவ்ன் போகவேண்டிய பெட்டி
மூன்று நாள் என் சமையலறையில்
உருளைக்கிழங்குச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது.
ஹெயின் வந்து அதன்மேல் தொப்பியை வைத்துவிட்டு
ஆட்டு விலை பேசினார்.

கடைசித் தடவை ஏழு பேர்.
மழைக்கு வாசலில் ஒதுங்கிய ஆடுகள்
எங்களைவிட அதிகம்,
முழங்காலால் தள்ளிக்கொண்டுதான்
உள்ளே வரவேண்டியிருந்தது.

பெட்டியைக் கவிழ்த்தேன்.
ஏழில் ஒன்று
எட்டாக மடித்திருந்தது.

மார்யுனைப் பிப்ரவரியிலேயே புதைத்துவிட்டோம்.
தரை இறுகியிருந்தது, கடப்பாரை இரவல் வாங்கினோம்.

ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன்.
மீன் எண்ணெய் மணம்.

ஓலவுர் ஜன்னலோரம் நின்று
வராத படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பின்கழுத்து சிவந்திருந்தது.

குறித்துக்கொண்டு
அதே மடிப்பில் மடித்து வைத்தேன்.

நாற்பத்தொரு பேரும் அந்த முதல் வருடம்
யார் யாருக்குப் போட்டார்கள் என்று
இன்றும் ஒப்பிப்பேன்.
அந்தச் சீட்டில்
அவர் யாருக்குப் போட்டிருந்தார் என்பது மட்டும்
நினைவில் இல்லை.