நூறு கட்டம்

கங்கைகொண்டான் சிப்காட், மூன்றாம் தெரு.
சொரிமுத்துவின் லாரி பின்பக்கமாய் வந்து
ஒரு வண்டி பம்பர்களைக் கொட்டிவிட்டுப் போகிறது.
இடித்தவை, இடிபட்டவை,
பாளையங்கோட்டைச் சந்தில் சுவரோடு உரசினவை,
கயத்தாறு டோல்கேட்டில் பொறுமை இழந்தவை.

எல்லாவற்றின் முதுகிலும் ஒரு சின்ன வட்டம்.
அம்புக்குறி மாதம் காட்டும், நடுவில் வருஷம்.
ஜாதகம் பார்ப்பதுபோல் திருப்பிப் பார்ப்பேன்:
பாலிப்ரொப்பிலீன், கொஞ்சம் ரப்பர்,
நூற்றில் பத்துப் பங்கு மாக்கல் தூள்.

மாக்கல் சாது.
கத்தியைத் தின்பது
பம்பரில் ஒட்டிக்கொண்டு வந்த தேரி மண்.
புதுக் கத்தி வந்த அன்று அதன் மஞ்சளைப் பார்த்து
"தங்கமாக்கா?" என்றாள் ஜெபக்கனி.
டைட்டானியம் நைட்ரைடு, நாலு மைக்ரான்;
உன் முடி ஒன்றைப் பதினைந்தாய்ப் பிளந்தால்
அதில் ஒரு பங்கு கனம் என்றேன்.
"மூக்குத்திக்குக்கூடக் காணாது" என்று
தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.
மூன்றாம் மாதம் விளிம்பில் எஃகு பல்லிளித்தது.

தொட்டியில் மிதப்பது நமக்கு.
அமிழ்வது மேலப்பாளையம் செய்யது மசூதின் கணக்குக்கு.
தண்ணீர் பொய் சொல்லாது, அதுவரை எல்லாம் சரி.
பெயிண்ட் மட்டும் போகாது.

காரத்தில் கொதிக்க வைத்தோம்.
சில்லும் சில்லும் உரச விட்டோம்.
உருக்கினாலும் அது உருகாது,
பொடிப்பொடியாய் வந்து வலையை அடைக்கும்.
நாற்பது நிமிடத்துக்கு ஒரு வலை.
தப்பி உள்ளே போன பொட்டு
குருணைக்குள் உட்கார்ந்து காத்திருக்கும்.
வார்த்துக் காயவைத்து வளைத்துப் பார்க்கும்போது
சரியாய் அந்த இடத்தில் ஒடியும்.

"எந்தக் கட்டையில போவான் இப்பிடிப் பூசுனானோ"
சுடச்சுட வலையைச் சுரண்டுவாள் ஜெபக்கனி.
நான் பதில் சொல்வதில்லை.

ஒரகடத்தில் ஒன்பது வருஷம்
எனக்கு அதுதான் சோலி.
எதுவும் ஒட்டாத பிளாஸ்டிக்குக்கு
ஒட்டக் கற்றுக்கொடுப்பது.
தீயால் ஒரு தடவல், அதன்மேல் ப்ரைமர்,
நிறம், அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு.
பிறகு பரீட்சை:
நெடுக்கே பதினொரு கீறல், குறுக்கே பதினொன்று,
நூறு கட்டம்.
டேப்பை ஒட்டிச் சுண்டி இழுக்கணும்.
தொண்ணூற்றெட்டு நின்றால் மறுபடி முதலிலிருந்து.
நூறும் நின்ற அன்று அல்வாச் செலவு என் தலையில்;
திருநெல்வேலிக்காரி என்றால் வேறென்ன.

எடுக்கணும் என்றால் எப்படி எடுப்பது?
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இன்று ஒரு நீல பம்பர்.
வட்டத்தைப் பார்த்தேன், நான் இருந்த வருஷம்.
அம்பு எட்டில்.
உள்மடிப்பில் மங்கிய சிவப்பு மை,
க்யூ பதினேழு.
என் முத்திரை.
பதினோரு வருஷத்து வெயில் நிறத்தைத் தின்றிருந்தது,
தோலை அசைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம். யாரும் பக்கத்தில் இல்லை.
பிளேடு எடுத்தேன்.
நெடுக்கே பதினொன்று, குறுக்கே பதினொன்று.
பார்சல் ஒட்டுகிற டேப்தான் கிடைத்தது.
நகத்தால் தேய்த்து
மூச்சைப் பிடித்து
இழுத்தேன்.

இரண்டு தடவை எண்ணினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்
உடைமரத்தடியில் ஒரு புள்ளிமான் நின்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா தனியாச் சிரிக்கிய?"
கை கழுவிவிட்டு வந்த ஜெபக்கனி.
"ஒண்ணுமில்ல."
டேப்பை வெயிலில் பிடித்தேன்.
மருந்துக்கும் நீலம் இல்லை.

அந்த பம்பரை நானே தூக்கிப்போய்
பொன் போன கத்திக்குள் போட்டேன்.
இன்றைக்கு வலை சுரண்டுவது என் முறை என்று
சொல்லிவிட்டேன்.
ஏன் என்று கேட்டாள்.
மெஷின் சத்தத்தில் காது கேட்காததுபோல்
இருந்துகொண்டேன்.