கச்சான் அடித்தால் எனக்கு

சாயல்குடி பிரிவில் மீட்டர் ரீடிங் எடுப்பவள் நான்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
எந்த வீட்டுக் கதவும் எனக்குத் திறக்கும்.
மீட்டர் பெட்டி இருப்பது மூலையில்,
மூலைக்குத் தள்ளிய சாமான்களும் அங்கேதான்.
யூனிட்டைக் குறித்துக்கொண்டே கீழே பார்ப்பேன்:
அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சக்கரம்,
பழைய திரைச்சீலை போர்த்திய ஒரு முதுகு.
"அது ஓடாதும்மா" என்பார்கள்.
ஓடாது என்றால்
தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.
எண்ணெய் பிசினாகி, பிசின் கல்லாகி
உள்ளே எல்லாம் பல்லைக் கடித்துக் கிடக்கும்.
இரண்டு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறினால் விடும்.

இப்படிப் பதினொன்று சேர்ந்தன.
வீட்டுக்காரர் வந்து பதினொன்றையும் எண்ணிவிட்டு
தையல்கடைக்கு வணிக இணைப்பு வாங்க வேண்டுமென்று
என்னிடமே சட்டம் சொன்னார்.

பன்னிரண்டாவது வாலிநோக்கத்தில்.
அறுத்த கப்பலின் தட்டுமுட்டு குவிந்த கொட்டகையில்
சீனி நெய்னா அதைத் தராசில் ஏற்றினார்.
"இரும்பு விலைதான், கிலோ முப்பத்தாறு.
பலகைக்குக் காசு வேண்டாம்."
பதினொன்றே கால் கிலோ.
உப்பைச் சுரண்டி எண்ணைப் படித்தேன்,
ஓர் எழுத்து, ஏழு இலக்கம்;
ரீடிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஊசித்தட்டைக் கழற்றினால் அடியில் பஞ்சு.
சிவப்பு, அதன் கீழே மஞ்சள், அதன் கீழே நீலம்.
சட்டை தைத்த பஞ்சு இப்படி அடுக்காகப் படியாது.
கொடி தைத்திருக்கிறார்கள்.
நடுக்கடலில் எவனோ
எதிரே வரும் கப்பலுக்குச் சொல்ல வேண்டியதை
ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்திருக்கிறான்.

சக்கரம் சுழன்றது. ஊசி இறங்கி ஏறியது.
ஓடம் இல்லை.
வட்டப் பாபினுக்கு முந்திய மிஷின் இது,
சுண்டுவிரல் நீள எஃகு ஓடம் ஒன்று
முன்னும் பின்னும் போய் அடிநூல் தர வேண்டும்.
அது படுக்கும் தொட்டில் மட்டும்
காலியாக ஆடியது.
மதுரையில் கேட்டேன், காரைக்குடியில் கேட்டேன்,
கல்கத்தாவுக்குக் கடிதம் போட்டேன்.
ஏழு மாதம்.

எட்டாவது மாதம் மூக்கையூரில்
மிக்கேல்பிச்சை வீட்டு மீட்டர் நின்றுபோயிருந்தது.
ஆள் வாசல் மணலில் உட்கார்ந்து
தூண்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.
நுனியில், ஈயக்குண்டு இருக்க வேண்டிய இடத்தில்,
ஒரு முனை கூராக, வயிறு திறந்து,
மணல் தேய்த்த பளபளப்போடு
என் ஓடம்.

அண்ணன் கப்பல் உடைக்கும் வேலையில் இருந்தாராம்.
பையில் கொண்டுவந்த சில்லறையில் இது கிடந்ததாம்.
அந்த மிஷினுடையதுதான் என்று
நான் சத்தியம் செய்ய மாட்டேன்.
ஐந்நூறு என்றேன்.
"விளமீன் இதுக்குத்தான் வருது.
ஈயம் கட்டினா கிளாத்தி வந்து
இரையைத் தின்னுட்டுப் போயிருது."
ஆயிரம் என்றேன்.
கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு, நான் மீட்டரைத் தட்டிப் பார்க்கும்போது,
"அது உள்ள கிடந்து என்னதான் பண்ணும்?"

ஞாயிற்றுக்கிழமை வந்தார்,
பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு.
முடிச்சை அவரே அவிழ்த்தார்.
தொட்டிலில் வைத்தேன். கொஞ்சம் ஆட்டம், ஆனால் இருந்தது.
துணி தேடினேன்; கைலேஞ்சியை நீட்டினார்.
முதல் பத்துத் தையலில் நூல் அறுந்தது.
பதினொன்றாவதில் பிடித்துக்கொண்டது.
அவர் குனிந்து அடியில் பார்த்தபடியே
"முங்கி முங்கிப் போகுது" என்றார்.

காசு வாங்கவில்லை. விட்டுவிட்டும் போகவில்லை.
கச்சான் அடித்து வள்ளம் கரையேறிக் கிடக்கும் நாளில்
ஓடம் எனக்கு.
கடல் தணிந்தால் அவருக்கு.
ஒவ்வொரு முறையும் துருவோடு வருகிறது,
வயிற்றுக்குள் ஒரு செதிலோடு.
எண்ணெய் துடைக்காமல் தந்தால் திட்டுகிறார்.

போன ஆனியில் பன்னிரண்டு நாள் விடாத காற்று.
ஒரு கொடி தைத்தேன், சிவப்பு, மஞ்சள், நீலம்.
என்ன சொல்கிறது அது என்று எனக்குத் தெரியாது.
அவர் வள்ளத்துக் கழியில் பறக்கிறது.

மீட்டர் இன்னும் மாற்றவில்லை.
சராசரி போட்டு வருகிறேன்.