இரண்டரை நட்சத்திரம்

நாற்பத்திரண்டு சிம்மில் ஓட்டுப் போட்டவன் நான்.
கோத்தகிரி டானிங்டனில் ரீசார்ஜ் கடை.
விற்காமல் கிடந்த சிம்முக்கெல்லாம்
எப்சிபாவைத் தெரியும்.

இறுதிச் சுற்று ராத்திரி
மார்க்கெட் திடலில் திரை கட்டினோம்.
மழைக்கோட்டுக்குள் நின்றது ஊர்.
உச்சத்துக்கு ஏறியவள்
இறங்காமல் அங்கேயே நின்றபோது
சோலூர்மட்டம் கடைசி பஸ்காரர்
வண்டியை ஓரம்கட்டி
ஹாரனை அழுத்திய கையை எடுக்கவேயில்லை.

பரிசு ஒரு கார், ஓர் ஆல்பம்.
லைன் வீட்டுக்குப் படிதான் உண்டு.
கார் ரோட்டோரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டது.
ஆல்பத்துக்குப் பதினாலு மாசம் பிடித்தது.

'ஆறாம் நம்பர் லைன்' என்று பேர்.
எட்டுப் பாட்டு.
போஸ்டரில் 'தமிழில் சோல் இசை' என்றிருந்தது.
பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கிற மாடக்கண்ணு
ஊசியை நிறுத்திக் கேட்டார்,
"நம்ம சரக்கா?"

ஒரு பாட்டிலும் உச்சி இல்லை.
அடித்தொண்டையில்
ஈர விறகாய்ப் புகைந்தது குரல்.
பின்னால் ஓர் ஆர்கன்,
உபவாச ஜெபம் முடிந்தும்
வீட்டுக்குப் போக மனசில்லாதவர்கள் மாதிரி.
தாளம் முன்னே போய்விடும்.
அவள் அப்புறம்தான் வருவாள்.

சென்னைப் பத்திரிகை ஒன்று
இரண்டரை நட்சத்திரம் கொடுத்து
'பஸ்ஸைத் தவறவிட்ட குரல்' என்றது.
பினாங்கு வானொலியில் நாலாம் பாட்டை
ஒரு வாரம் விடாமல் போட்டார்களாம்.
அதற்காக இங்கே யாரும்
அவளுக்கு ஒரு டீ வாங்கித் தரவில்லை.
பாஸ்டருக்குக் கர்த்தர் பேர் எங்கும் வராத வருத்தம்.
அவள் அப்பா ராயப்பன்
என் கடைப் பலகையில் சாய்ந்து சொன்னார்,
"அழுவுறதுக்கு எதுக்குப்பா
மெட்ராஸ் வரைக்கும் போகணும்?"

கூரை ஒழுகுவதைப் பாட்டில் வைத்து
மானத்தை வாங்கிவிட்டாள் என்று
ஆறாம் லைனில் ரெண்டு வீடு
பேச்சை நிறுத்தின.
அடுத்த மாசம் எஸ்டேட் ஆபீசிலிருந்து
தகரம் வந்தது,
அந்த ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து.
பேச்சு மட்டும் வரவில்லை.

நான்?
மூன்றாம் பாட்டில் தூங்கிவிட்டேன்.
மறுநாள் ரீசார்ஜுக்கு வந்தவள்
முகக்கவசத்தை இறக்காமல் கேட்டாள்,
"கேட்டீங்களாண்ணே?"
"சூப்பர்மா."
மீதிச் சில்லறையை
ரெண்டு தடவை எண்ணிக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் ஒருநாள்
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகையில்
குஞ்சப்பனையில் மண் சரிந்து கிடந்தது.
முன்னே ஒரு கேரட் லாரி.
கண்ணாடியெல்லாம் வெள்ளையாய் மூடிய பஸ்ஸில்
கடைசி சீட்டில் எப்சிபா.
கண்டக்டர்தான் கண்டுபிடித்தார்.
"பாப்பா, அந்த ஜெயிச்ச பாட்டு,
ஒரு நாலு வரி."

எந்தப் பாட்டு என்று கேட்கக்கூட இல்லை அவள்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.
உச்சி இருந்த இடத்தில் உச்சி இருந்தது.
பஸ் கைதட்டியது.
ஒரு குழந்தை பிஸ்கட் நீட்டியது.

ஆனால் ரெண்டாம் சரணத்தில்
பாட்டு கொஞ்சம் முன்னே போனது.
அவள் அரை மூச்சு பின்னால் வந்தாள்,
எடை போடும் இடத்துக்கு
இலைமூட்டையைத் தலையில் வைத்து
மேட்டில் ஏறுகிறவள் வருவாளே,
அவசரப்படுத்தினால் நின்றுவிடுவாளே,
அந்த நடை.
திரும்பிப் பார்த்தேன்.
அவள் கண்டக்டரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஜேசிபி வர ஒன்பது மணியானது.
வீட்டுக்கு வந்து, ஈரச் சாக்ஸைக்கூடக் கழற்றாமல்,
மூன்றாம் பாட்டை முதலிலிருந்து போட்டேன்.
முழுசாய்க் கேட்டேன் என்று சொன்னால்
இன்னொரு பொய்யாகிவிடும்.
இந்த முறை
ஐந்தாம் பாட்டில் தூங்கினேன்.