பிப்ரவரி ஒன்பதுக்கு ஒரு திருத்தம்

நாளைக் காலை எட்டு நாற்பதுக்குப் படகு.
திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலை
ஃப்ராவ்கே கதவில் ஒட்டியிருக்கிறாள்:
முக்காலியோடு தொலைநோக்கி,
ரப்பர் பூட்ஸ், அளவு முப்பத்தெட்டு,
பின் பிரேக் இல்லாத சைக்கிள்,
சாவி மூன்று.
கட்டைவிரலால் அழுத்த அழுத்த
எண் ஏறும் அந்தச் சின்ன எண்ணியைக் காணோம் பட்டியலில்.
நானும் கேட்கவில்லை.

பள்ளி முடித்த கையோடு வந்தேன்.
"ஒரு வருஷம் வீணா?" என்றார் அப்பா.
வுப்பர்டாலில் கடல் கிடையாது,
ஆற்றுக்கு மேல் தொங்கும் ரயில்தான் உண்டு.

இதைத் தீவு என்பதே கொஞ்சம் அதிகம்.
ஆடு மேயும் புல், உடனே வானம்.
மண்ணைக் குவித்த மேடுகளில் ஒன்பது வீடுகள்.
குளிர்காலத்தில் வட கடல் ஏறி வந்து
புல்லைப் போர்த்திக்கொள்ளும்;
மேடுகள் தனித்தனியே நிற்கும்.
ஜன்னல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு
ஒரு வீடு இன்னொரு வீட்டை விசாரிக்கும்.
முதல் தடவை நான் அழுதேன், மல்டே பான்கேக் சுட்டான்.
மூன்றாம் தடவை மாவைக் கரைத்தது நான்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெருகும்.
சேற்றில் மேய்ந்த பறவையெல்லாம்
விளிம்புக்கு ஒதுங்கும். எண்ண வேண்டும்.
நூறு வரை ஒவ்வொன்றாய்.
பிறகு நூறு என்றால் எவ்வளவு அகலம் என்று
கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்,
ரொட்டி அறுப்பதுபோல
கூட்டத்தை அறுத்துக்கொண்டே போகலாம்.
நடுவில் ஒரு வல்லூறு வந்தால் போச்சு.
மொத்தமும் கிளம்பிப் புகையாகும்,
சாம்பல், சட்டென்று வெள்ளை, மறுபடி சாம்பல்.
முதலிலிருந்து.

கோடையில் வந்த பயணிகள் கேட்டார்கள்,
இதனால் யாருக்கு என்ன என்று.
அறுபத்தொரு மூட்டை பிளாஸ்டிக் பொறுக்கினோம் என்பேன்.
ஜோடியில்லாத இடது கால் செருப்பு பதினேழு.
தலையாட்டிவிட்டு ஐஸ்கிரீம் எங்கே என்பார்கள்.

பிப்ரவரி ஒன்பது. மூடுபனி.
மல்டேவுக்குக் காய்ச்சல்.
தெற்கு முனையில் தனியே முக்கால் மணி நேரம் நின்றேன்.
நீட்டிய கை எனக்கே தெரியவில்லை.
சத்தம் மட்டும், மிக அருகில்,
பாசிமணியைத் தரையில் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல.
விரல் மரத்தது. வீட்டுக்கு வந்து
உள்ளான் 2,340 என்று எழுதினேன்.
முந்தின தடவை 2,300.
அந்த நாற்பது, நம்பும்படி இருக்கட்டும் என்று.

யாரும் ஏனென்று கேட்கவில்லை.
புத்தகத்திலிருந்து கணினிக்குப் போயிற்று,
கணினியிலிருந்து எங்கோ ஓர் அலுவலகத்துக்கு.
அங்கே ஏதோ ஒரு கோட்டின் மேல்
புள்ளியாய் உட்கார்ந்திருக்கும்,
நான் பார்க்காத இரண்டாயிரத்து முந்நூறும்
பிறக்காத நாற்பதும்.

இன்று மதியம் குவிரின் வந்திறங்கினான்,
பவேரியாக்காரன், இரண்டு பெரிய சூட்கேஸ்,
வெள்ளை வெளேரென்று காலணி.
"கஷ்டமா இருக்குமா?"
காற்று முதுகைத் தள்ளும், சைக்கிள் பறக்கும்,
திரும்பி வரணுமே என்றேன்.
சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது சான்றிதழ் தந்தாள் ஃப்ராவ்கே.
முத்திரை, கையெழுத்து, இரண்டாவது வரியில்
நம்பகமானவர்.
உருளைக்கிழங்கு தொண்டையில் நின்றது.

எல்லோரும் தூங்கிய பிறகு
எண்ணிக்கைப் புத்தகத்தை எடுத்தேன்.
பக்கம் லேசாக உப்பில் சுருங்கியிருந்தது.
2,340-ஐ ஒரே கோடாய் அடித்தேன்,
கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் எழுதினேன்:
மூடுபனி. பார்க்கவில்லை. கேட்டேன்.
இன்றைய தேதி. மெரெத்.

கணினியில் மாற்ற ஃப்ராவ்கேயின் கடவுச்சொல் வேண்டும்.
படகுக்கு முன்னால் அவளிடம் சொல்லியாக வேண்டும்,
ஏழரைக்கு, அவள் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் நேரத்தில்.
சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

வராந்தாவில் வெள்ளைக் காலணி இரண்டும்
வாசலைப் பார்த்து நின்றன.
வலது காலணிக்குள் எண்ணியைப் போட்டேன்.
பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை.
அதை அவன் திருப்பிக்கொள்ளட்டும்.